தூரக் கணக்கும் காலக் கணக்கும்

(கொச்சியின் மட்டாஞ்சேரியில் தமிழ் அன்பர்கள் கூடிய கூட்டமொன்றில், வீட்டிலேயே மோட்டார் சைக்கிளைப் பராமரிக்கும் முறை பற்றி நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியமும் சமயமும் பேசிப் பழகிய மேடையில் செயினையும் பிரேக்கையும் இஞ்சின் ஆயிலையும் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். விஷயம் அற்பமானது என்று யாரேனும் எண்ணினால் அவர்களோடு நான் வாதாடப் போவதில்லை; ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கும், தொப்பும்படிக்குப் போய் மளிகை வாங்கி வருவதற்கும், பாலம் கடந்து எறணாகுளத்தில் உத்தியோகம் பார்ப்பதற்கும், நடுநிசியில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் மருந்துக் கடையின் கதவைத் தட்டுவதற்கும் நம் குடும்பங்கள் நம்பியிருப்பது வாசலில் நிற்கும் அந்த இரண்டு சக்கரத்தைத்தான் என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள். நம்பிப் பிழைக்கும் பொருளைப் பற்றிச் சற்று விவரமாகத் தெரிந்துகொள்வது கௌரவக் குறைவாகாது.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கருத்துதான். வண்டியோடு கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் கையேட்டில் பராமரிப்புக்கான அட்டவணை ஒன்று இருக்கும். இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை, அல்லது இத்தனை மாதத்துக்கு ஒரு முறை, இரண்டில் எது முந்துகிறதோ அதன்படி, என்று அதில் போட்டிருப்பார்கள். கிலோமீட்டர் எண் நம் கண்ணுக்கு எதிரே மீட்டரில் ஓடிக்கொண்டிருப்பதால் அதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, மாதக் கணக்கை நாம் படிப்பதே இல்லை. மட்டாஞ்சேரியில் வசிப்பவர்கள் அந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இங்கே வண்டியைத் தேய்ப்பது தூரமன்று, காலம்.

இதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்குப் போக வர 6 கிலோமீட்டர், மாதத்துக்கு 25 நாள் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டுக்கு 1,800 கிலோமீட்டர்தான் ஆகிறது. 6,000 கிலோமீட்டர் ஆனபிறகு ஆயில் மாற்றலாம் என்று ஒருவர் காத்திருந்தால், மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்த முதல் ஆயிலிலேயே காலம் தள்ளுவார். அதற்குள் மூன்று இடவப்பாதி மழையும் மூன்று துலாவர்ஷ மழையும் அந்த வண்டியின் மேல் பெய்து தீர்ந்திருக்கும்.

பழைய காலத்து வண்டிக்காரர்களுக்கு இந்த மறதி வாய்க்கவில்லை. சென்னையில் 1955-ஆம் ஆண்டு என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரிலிருந்து புல்லட் வண்டிகள் நாடெங்கும் புறப்பட்ட நாட்களில், வண்டி வைத்திருப்பவர் அரை மெக்கானிக்காகவும் இருந்தே தீரவேண்டியிருந்தது. பாயிண்டு எனப்பட்ட சிறு தட்டுகளின் இடைவெளியை ஃபீலர் கேஜ் கொண்டு அவ்வப்போது சரிசெய்வார். இஞ்சினின் பக்கவாட்டிலுள்ள சிறு மூடியைக் கழற்றி, உள்ளே நிற்கும் புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். அது தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அதுவே டேப்பட் சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில், காப்பி குடித்த கையோடு செய்து முடித்தார்கள்.

பிறகு 1985-இல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 வந்தது. பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்ற பொருள்பட அமைந்த அதன் விளம்பரம் தேசப் பிரசித்தம். பெட்ரோல் சிக்கனத்தைக் குறித்துச் சொல்லப்பட்ட அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் நம் ஜனங்கள் சகல விஷயங்களுக்கும் உபதேசமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். யந்திரமும் அதற்கு இடம் கொடுத்தது. பாயிண்டு மறைந்து மின்னணு இக்னிஷன் வந்தது. 2020 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப்பின், புதிய வண்டிகளில் கார்புரேட்டரும் ஏறக்குறைய விடைபெற்று, அதன் இடத்தில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்து அமர்ந்தது. யந்திரத்தின் தேவைகள் இவ்வாறு குறைந்தன என்பது உண்மை. ஆனால் இரும்பின் தேவைகள் எள்ளளவும் குறையவில்லை என்பதும் உண்மை. நம் ஊரில் இரும்புக்கு நேர்வது என்ன என்பதை இனிப் பார்ப்போம்.

மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நிலப்பரப்பில் நாம் குடியிருக்கிறோம். மேற்கே சமுத்திரம், கிழக்கே காயல், வடக்கே காயல் கடலில் கலக்கும் அழிமுகம். சமுத்திரக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் உப்புத் துகள் வண்டியின் ஒவ்வொரு போல்டின் மீதும் படிகிறது. உப்பு தனியே இரும்பைத் தின்னுவதில்லை. அதற்கு ஈரம் துணை வேண்டும். அந்த ஈரத்தைத் தானே வரவழைத்துக்கொள்வதுதான் உப்பின் விசேஷ குணம். நாம் சமையலுக்கு உபயோகிக்கும் சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடுகிறது. கடலுப்பில் அதனோடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ, சுமார் 33 சதவீதத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். கொச்சியில் அவ்வளவு வறண்ட காற்று என்றைக்கு வீசியது? ஆகவே உப்புப் படிந்த வண்டி, மழையில் நிற்காவிட்டாலும், கூரையின் கீழேயே நின்றாலும், அதன் மேல் உப்புநீர்ப் படலமொன்று எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. ஓடாத வண்டி தேயாது என்ற எண்ணம் கோயம்புத்தூரில் ஓரளவு செல்லுபடியாகலாம், இங்கே செல்லாது.

இதை இந்த ஊர் வியாபாரிகளுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பஜார் ரோட்டுப் பண்டகசாலையில் மிளகு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து, ஈரம் மிஞ்சிய சரக்கைப் பூசணம் பிடிக்கும் முன்பே ஒதுக்கிவைக்கும் மனிதர், தம் வண்டியின் செயின் சிவப்பேறிய பிறகுதான் அதைக் கவனிக்கிறார் என்றால், அது அறியாமையன்று. சரக்கிடம் காட்டும் ஜாக்கிரதையை வண்டியிடம் காட்ட மறந்த அலட்சியமே.

ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருகிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் இஞ்சினும் சைலென்சரும் நன்றாகச் சூடேறி அந்த ஆவியை வெளியே துரத்திவிடும். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வீடு என்று ஐந்து நிமிஷ ஓட்டம் ஓடும் வண்டியில், சூடேறுவதற்குள் இஞ்சினை அணைத்துவிடுகிறோம். ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகி, ஒரு பங்கு சைலென்சரை உள்ளிருந்து அரிக்கிறது. மற்றொரு பங்கு ஆயிலில் கலக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். மோர் நிறத்தில் ஒரு படிவு தென்பட்டால், நீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, வாரத்துக்கு ஒரு நாளாவது வண்டியை நிற்காமல் அரைமணி நேரம் ஓட்டுவது. இரண்டு, மீட்டர் என்ன சொன்னாலும் கையேட்டில் கண்ட மாதக் கணக்குப்படி ஆயிலை மாற்றிவிடுவது.

ஆயில் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய காரியமே. இஞ்சினைச் சில நிமிஷம் ஓடவிட்டு, வெதுவெதுப்பான பக்குவத்தில் அடியிலுள்ள டிரெயின் போல்டைக் கழற்றினால் பழைய ஆயில் தடையின்றி இறங்கும். போல்டின் வாஷரைப் புதிதாகப் போட்டு, அளவோடு முறுக்கி, கையேட்டில் குறித்த அளவு ஊற்றினால் போதும். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். கார் ஆயில் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் இஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கின்றன. காருக்கென்று வழுக்கலை மிகுவித்துச் செய்த ஆயில் அத்தட்டுகளையும் வழுக்கச் செய்துவிடும். டப்பாவின் மேல் ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ. 2 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே நியாயம். மற்றது, வடித்த பழைய ஆயிலைக் கால்வாயில் கொட்டுவது. நம் கால்வாய்கள் காயலுக்கே போய்ச் சேருகின்றன. நாம் கொட்டியது மீனின் வழியாக நம் இலைக்கே திரும்பும். பழைய டப்பாவில் பிடித்து, ஒர்க் ஷாப்பில் சேர்த்துவிடுங்கள். அவர்களிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள ஆட்கள் உண்டு.

இனிச் செயின். வீட்டுப் பராமரிப்பில் பாதி இதுவே என்பது என் அபிப்பிராயம். ஆதலால் இதைச் சற்று நிதானமாகச் சொல்லுகிறேன். செயினில் ஏறக்குறைய நூறு கண்ணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசி, ஒரு குழாய். ஊசி தேய்ந்து ஒவ்வோர் இணைப்பிலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி விழுந்தாலும், நூறு இணைப்புகள் சேர்ந்து செயின் ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். செயின் நீளுகிறது என்று நாம் சொல்வது உண்மையில் இரும்பு இழுபடுவதன்று. உப்பும் மணலும் கலந்த பழைய ஆயில் ஊசிகளை அராவிவிடுவதே.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியைக் கையோடு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைப்பவர்கள் உண்டு; துணி பல்சக்கரத்தில் சிக்கினால் துணியோடு விரலும் போகும், ஒரு கணத்தில் முடிந்துவிடும் காரியம் அது. பின்சக்கரத்தைக் கையால் பின்னோக்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டே, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ் கொண்டு நான்கு பக்கமும் தேயுங்கள். பெட்ரோல் வேண்டாம், அது தீப்பிடிக்கும், புதிய செயின்களில் கண்ணிகளுக்கிடையே வைத்திருக்கும் ரப்பர் வளையங்களையும் கெடுத்துவிடும். கறுப்பு அழுக்கு கரைந்து இறங்கியபின் காய்ந்த துணியால் துடைத்தால், கண்ணியின் தட்டில் பொறித்திருக்கும் எழுத்து தெளிவாகத் தெரியும். அதுவே போதிய சுத்தத்துக்கு அளவுகோல். பிறகு 90 நம்பர் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக, செயினின் கீழ்வரிசையில், உட்பக்கமாக விடுங்கள். சக்கரம் சுழலும்போது ஆயில் வெளிநோக்கி வீசப்படுவதால், உட்பக்கம் விட்டதுதான் கண்ணியை ஊடுருவிச் செல்லும். இதை இரவில் செய்து, காலையில் மிகுதியைத் துடைத்துவிட்டுப் புறப்படுவது உத்தமம். மழைக்காலத்தில் வாரந்தோறும் செய்தாலும் மிகையாகாது.

தளர்வு பார்ப்பதும் அப்போதே ஆகவேண்டும். கீழ்வரிசையின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால், சிறு வண்டிகளில் சாதாரணமாக 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆடலாம். சரியான அளவு ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் உண்டு. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடங்களில் பாருங்கள். எங்கே அதிக இறுக்கமோ அந்த இடத்தை வைத்தே கணக்கிட வேண்டும். இறுக்க வேண்டியிருந்தால் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இருபுறத்து அட்ஜஸ்டரையும் ஒரே கோட்டுக்கு நகர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் சக்கரம் கோணலாக நிற்கும். செயினை அளவுக்கு மேல் இறுக்குவது தளர விடுவதைக் காட்டிலும் கேடு. பள்ளத்தில் விழும்போது அந்த இறுக்கம் முழுவதும் இஞ்சின் பேரிங்கின் மீது போய் விழுகிறது. கடைசியாக ஆக்ஸில் நட்டை நன்றாக இறுக்கி, பின் பிரேக் பெடலை மிதித்துப் பாருங்கள்; டிரம் பிரேக் உள்ள வண்டியில் சக்கரம் நகர்ந்தால் பிரேக்கின் அளவும் மாறியிருக்கும்.

வண்டியைக் கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. வாட்டர் சர்வீஸ் என்று அதிவேகமாக நீரைப் பீய்ச்சி அடிக்கும்போது சேறு போவது மெய்தான். கூடவே அந்த நீர் சக்கரத்து பேரிங்கின் சீலைத் தாண்டி உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. பக்கெட்டும் துணியும் போதும். ஆனால் எந்த நீர் என்பதைக் கவனியுங்கள். இப்பக்கத்துக் கிணறுகளில் உப்புக் கரிக்கும் நீர் பல இடங்களில் உண்டு. அதில் கழுவினால் உப்பைத் துடைத்து உப்பைப் பூசியதாகவே முடியும். கூரையிலிருந்து இறங்கும் மழைநீரை இரண்டு பக்கெட் பிடித்துவைத்தால், அதைவிடச் சிறந்த நீர் வேறில்லை. ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, வேலியேற்றம் என்னும் ஓதத்தில் காயல்நீர் தெருவுக்குள் ஏறுவதை மேற்குக் கொச்சிக்காரர்கள் அறிவார்கள். அந்த நீரில் சக்கரம் மூழ்க ஓட்டிவந்தவரும், ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு ரோ-ரோ படகில் வண்டியை ஏற்றி அலைத்தூவல் பட்டுத் திரும்பியவரும், அன்று இரவே நல்ல நீரால் அலசிவிட வேண்டும், மறுநாளைக்கு ஒத்திப்போடக்கூடாது.

பெட்ரோல், பேட்டரி, பிரேக் ஆகிய மூன்றையும் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலோ நீரை ஈர்க்கும் சுபாவம் உடையது. நீர் ஓர் எல்லையைத் தாண்டினால் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். இஞ்சின் பெட்ரோலை எடுப்பதும் அந்த அடியிலிருந்துதான். விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ ஒரு மாதம் போகிறவர்கள், கால் டாங்கோடு வண்டியைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். டாங்கை நிரப்பிவிட்டால் ஈரக்காற்றுக்கு உள்ளே இடமில்லை. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியாயின் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடியிலுள்ள சிறு ஸ்க்ரூவைத் தளர்த்தி, தங்கிய பெட்ரோலை வடித்துவிடுங்கள். பேட்டரியின் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் துடைத்து வாஸலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில், என்ற கிரமத்தை மாற்றாதீர்கள்.

டிரம் பிரேக்கில், பெடலை முழுவதும் மிதிக்கும்போது பக்கத்திலுள்ள அம்புக்குறி எதிர்க்குறியைத் தொட்டுவிட்டால், பிரேக் ஷூவின் ஆயுள் முடிந்தது. டிஸ்க் பிரேக்கில் உள்ள திரவமும் ஈரத்தை உறிஞ்சக்கூடியதே. டாட் 4 என்ற வகை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலைக்கு அந்த விதி 155 டிகிரிவரை இடம் கொடுக்கிறது. மலைப்பாதையில் இறங்கும்போது திரவம் கொதித்துக் குமிழி விட்டால், பிரேக் பிடி கையோடு வந்துவிடும், வண்டி நிற்காது. மூணாறு போய்வர நினைக்கும் இளைஞர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அந்தத் திரவத்தை மாற்றியே ஆகவேண்டும்; பார்ப்பது நம் வேலை, மாற்றுவது தெரிந்தவர் வேலை.

இதிலிருந்து ஒரு நியாயமான சந்தேகம் எழும்: எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிட்டால் மெக்கானிக் எதற்கு? கண்ணால் பார்ப்பது, துடைப்பது, ஆயில் விடுவது, டயரின் காற்றைச் சரிபார்ப்பது, தளர்ந்ததை அளவோடு இறுக்குவது ஆகியவை வீட்டுக்கு உரியவை. டிஸ்க் பிரேக்கின் உட்பகுதி, ஏ.பி.எஸ்., இன்ஜெக்டர், ஃபோர்க், இஞ்சின் ஹெட் ஆகியவை கைதேர்ந்தவருக்கு உரியவை. வண்டியைத் தினமும் தொட்டுப் பழகியவர் ஒர்க் ஷாப்பில் போய், என்னமோ சத்தம் வருகிறது என்று மொட்டையாகச் சொல்லமாட்டார். மூன்றாவது கியரில், ஏற்றத்தில், இந்தப் பக்கத்தில் வருகிறது என்று சொல்லுவார். அந்த ஒரு வாக்கியம் மெக்கானிக்கின் அரைநாளை மிச்சப்படுத்தும்; நம் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

காலக் கணக்கு என்று சொன்னேன் அல்லவா? அதற்கு மூன்று தவணைகளைச் சிபாரிசு செய்கிறேன். முதலாவது, வைகாசியில், இடவப்பாதி மழை இறங்கும் முன்: டயரின் தேய்மானம், பிரேக், விளக்கு, பேட்டரி. இரண்டாவது, ஆயுத பூஜைக்கு முந்திய ஞாயிறு: தென்மேற்குப் பருவம் ஓய்ந்த சமயமாதலால், மட்கார்டின் உட்புறம், ஸ்டாண்டு, ஸ்போக்ஸ், சைலென்சரின் அடிப்புறம் முதலிய இடங்களில் துருவைத் தேடிச் சுரண்டி, அதன்மேல் பெயிண்டோ ஆயிலோ பூச வேண்டும், சந்தனமும் குங்குமமும் அதற்குப் பிறகு வைத்தால் மேலும் விளங்கும். மூன்றாவது, தை மாதத்தில், துலாமழையும் வேலியேற்றமும் ஓய்ந்துவரும்போது: ஆயில், ஏர் ஃபில்டர், கேபிள்கள். செய்த தேதியைச் சுவரில் தொங்கும் காலண்டரிலேயே குறித்துவையுங்கள். மீட்டரில் எண் ஓடாத வண்டிக்கும் தேதி ஓடத்தான் செய்கிறது.

ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தக் கூட்டத்துக்குத் தாமே வண்டி ஓட்டி வந்திருக்கும் சகோதரிகளின் எண்ணிக்கை சகோதரர்களுக்குக் குறைந்ததன்று. கியர் இல்லாத ஸ்கூட்டரில் செயின் கிடையாது என்பதைத் தவிர, நான் சொன்ன மற்றவை பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

சொல்லிக் கேட்பதைவிடச் செய்து பார்ப்பது மேல் என்பதால், மண்ணெண்ணெயும் பிரஷும் கியர் ஆயிலும் கொண்டுவந்திருக்கிறேன். விருப்பமுள்ளவர் தம் வண்டியை இந்தக் கட்டடத்தின் பின்புறம் கொண்டுவந்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தலாம். சாவியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.